தினைப்புனத்துத் தர்க்கம்
‘வள்ளி திருமணம்’ நாடகத்தின் மேடை வரலாறு

குறிஞ்சித் திணையைப் பாடமாக நடத்துவதற்கு மடுல்கெல்லவைக் காட்டிலும் பொருத்தமான இடம் எளிதில் கிடைக்காது. வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே நக்கிள்ஸ் மலைத்தொடர் மூடுபனிக்குள் மறைவதும் வெளிப்படுவதுமாக நிற்கிறது. லயங்களின் பின்புறத்தில் தொழிலாளர் போட்டிருக்கும் சிறிய மரக்கறித் தோட்டங்களுக்கு இரவில் காட்டுப்பன்றி வருகிறது. பகலில் குரங்குக் கூட்டம் வருகிறது. பழைய தகரத்தைத் தட்டி அவற்றை விரட்டும் வேலை பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்பிள்ளைகள் தலையில் விழுகிறது. ஆகையால், தட்டை, தழல், குளிர், கவண் என்று கிளியோட்டும் கருவிகளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதும்போது, எங்கள் மாணவிகளுக்கு அவை வெறும் அருஞ்சொற்களாகத் தோன்றுவதில்லை. அப்படி ஒரு நாள் வள்ளியைப் பற்றிப் பேச நேர்ந்தபொழுது, பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “சேர், தினைப்புனம் காத்ததுக்கு வள்ளிக்குப் பேர் போட்டாங்களா?” என்று கேட்டாள்.

தோட்டப்புறத்துக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காகச் சொல்லவேண்டும்: ‘பேர் போடுதல்’ என்றால் ஒரு நாள் வேலையைச் செக்குரோலில் பதிந்து கூலிக்குக் கணக்கு வைத்தல். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆயினும் அக்கேள்வி என்னை விடவில்லை. வள்ளியைக் காதலியாகவும் பக்தையாகவும் சீவான்மாவாகவும் காண நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணாக அவளைக் காண யாரும் கற்பிக்கவில்லை. ஆனால் தமிழ் நாடக மேடையில் நூறாண்டுகளுக்கு மேலாக வள்ளி வேலை செய்யும் பெண்ணாகவே தோன்றி வந்திருக்கிறாள். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தின் உயிர்க்காட்சி திருமணமன்று. வேலைத்தலத்தில், பரண்மீது நிற்கும் ஒரு பெண்ணை வழிமறித்துப் பேசும் அந்நியனுக்கும் அவளுக்கும் நடக்கும் வாக்குவாதமே அதன் உயிர்க்காட்சி.

கதை எல்லோரும் அறிந்ததே. நாரதர் மூட்டிவிட, முருகன் வேடனாக வருகிறான். நம்பிராசன் வரக் கண்டு வேங்கை மரமாகிறான். பின்னர் கிழவனாகி, தேனும் தினைமாவும் கேட்டு, விக்கலெடுத்துத் தண்ணீருக்குத் தவிக்கிறான். இறுதியில் அண்ணன் பிள்ளையாரை யானையாக வரச்செய்து வள்ளியை அச்சுறுத்தித் தன்பால் சேர்த்துக்கொள்கிறான். காதலன் பொய் வேடம் புனைவது, அகப்பட்டுக்கொள்ளும் தறுவாயில் தப்புவது, பெண் அவனைப் பேச்சில் மடக்குவது ஆகிய இன்பியல் நாடகத்துக்குரிய அங்கங்கள் யாவும் இதில் உள. நற்றிணையின் 82ஆம் பாட்டிலேயே முருகனோடு சென்ற வள்ளி உவமையாக வந்துவிட்டாள். பரிபாடலின் 9ஆம் பாட்டு இன்னும் ஒரு படி மேலே சென்று, மறையோர் மணத்தினும் தமிழர் களவு மணமே சிறந்தது என்று வழக்காடுவதற்கு வள்ளியைச் சான்றாக நிறுத்துகிறது. தேவயானைக்கும் வள்ளிக்கும் ஊடல் மூண்டு, தோழியர் கைகலக்கும் வேடிக்கையும் அப்பாட்டில் உண்டு. கச்சியப்பரின் கந்தபுராணம் இக்கதையைச் சமயத்தின் பந்தலுக்குள் அழைத்துவந்தது. மேடைக்கு வந்தபோதோ அது மீண்டும் பந்தலைவிட்டு வெளியே ஓடிவிட்டது என்பது என் கருத்து.

மேடைக்குக் கொணர்ந்தவர்களில் தலையாயவர் தூத்துக்குடிச் சீமையைச் சேர்ந்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். அதே 1867-இல்தான் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் ஒரே பஞ்சத்தின் காலத்தில், ஒரே மாவட்டங்களிலிருந்து, ஒரு கூட்டம் மலைக்கு ஏறியது, இன்னொரு கூட்டம் மேடைக்கு ஏறியது என்பதை மலையகத்து ஆசிரியன் மறந்துவிட முடியாது.

அக்காலத்து மேடையின் நிலை என்ன? பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி நாடகக் குழுக்கள் இந்தியா முழுவதும் சுற்றி, வர்ணத் திரைகளையும் ஹார்மோனியத்தையும் இந்துஸ்தானி மெட்டுகளையும் பரப்பிவிட்டன. கடல் கடந்து கொழும்புக்கும் அவை வந்தன. சிங்கள நூர்த்தி நாடகம் பிறந்ததும், 1911-இல் மருதானையில் டவர் மண்டபம் எழுந்ததும் அந்த அலையின் விளைவே. சென்னையில் 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுபோக்காக நடித்த சபை அது. வசனம் எழுதப்பட்டு, மனனம் செய்யப்பட்டு, ஒழுங்காக ஒப்பிக்கப்பட்டது. சங்கரதாசரின் உலகம் வேறு. அங்கே நடிப்பு வயிற்றுப்பாடு. தெருக்கூத்தின் பாட்டும், புராணத்தின் கதையும், பார்சி மேடையின் திரையும் கலந்த ஒரு புதுவகை இசை நாடகத்தை அவர் சமைத்தார். கூத்தர்களின் குடிசையிலிருந்தும் குடிவெறியிலிருந்தும் அதை மீட்டு ஒழுங்குக்குள் கொண்டுவர வேண்டுமென்று பாடுபட்டார். பெரியவர்கள் ஒழுங்குக்கு அடங்கவில்லை போலும். சிறுவர்களைத் திரட்டி 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் பயின்றவர்களே. சனீசுவரன் வேடத்தில் அவரைக் கண்ட கர்ப்பிணி ஒருத்திக்குக் கருச்சிதைவு நேர்ந்ததால் அவர் வேடம் புனைவதையே விட்டுவிட்டார் என்றொரு கதை வழங்குகிறது. உண்மையோ இல்லையோ, தொழில்முறை நடிகனைப் பற்றி ஊரார் கொண்டிருந்த அச்சமும் மதிப்பும் எத்தகையன என்பதை அக்கதை சொல்லும். பக்கவாதத்தால் நாவும் காலும் முடங்கிய பின்னும் குழுவோடு அலைந்து, 1922-இல் புதுச்சேரியில் அவர் மறைந்தார்.

அவர் வகுத்த ‘வள்ளி திருமண’த்தில் பாடல்கள் உண்டு, வெண்பாக்களும் விருத்தங்களும் உண்டு, காட்சிகளின் வரிசை உண்டு. ஆனால் தர்க்கத்தின் பெரும்பகுதி நடிகர்களின் நாவுக்கே விடப்பட்டது. நாரதரும் வள்ளியும் மோதும் இடம், வேலனும் வள்ளியும் மோதும் இடம் ஆகிய இரண்டும் ஒவ்வோரிரவும் புதிதாகக் கட்டப்பட்டன. பின்னர்க் குழுக்கள் சிதைந்து, ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற முறை பரவியபோது இந்த வெற்றிடம் இன்னும் விரிந்தது. ஸ்பெஷல் நாடகத்தில் குழு என்பதே இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரிபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் ஹார்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் தனித்தனியே அழைக்கப்படுவார்கள். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் மேடையில் சந்தித்து, விடியும்வரை ஆடி, கூலி வாங்கிக்கொண்டு பிரிவார்கள். கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் இது கூடும். எதிரி என்ன கேட்பான் என்பது தெரியாமலே வள்ளி பரணில் ஏறுகிறாள். சதுரங்க ஆட்டத்தில் காய்கள் நகரும் விதி தெரியும், ஆட்டம் தெரியாது. அதைப் போன்றதுதான் இது.

இந்த வெற்றிடத்துக்குள் சரித்திரம் புகுந்தது.

1876-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம், அரசாங்கத்தின்மீது வெறுப்பை ஊட்டும் நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை வெள்ளையராட்சிக்குத் தந்திருந்தது. பிரதி இருக்குமானால் அதைப் பறிமுதல் செய்யலாம். இன்றிரவு பிறந்து இன்றிரவே மறையும் தர்க்கத்தை எப்படிப் பறிமுதல் செய்வது? சிவகாசியைச் சேர்ந்த விசுவநாததாஸ் (1886–1940) இந்த நுட்பத்தை நன்கறிந்தவர். வேலனாக மேடையேறிய அவர், தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சியை அப்படியே அரசியல் மேடையாக்கினார். தினையைத் தின்ன வரும் வெள்ளைக் கொக்குகளைப் பற்றிய பாட்டு எழும்போது, எந்த வெள்ளை, எவருடைய தினை என்பதைச் சபையிலிருந்த கடைசி உழவனும் உணர்ந்தான். சாதாரணப் பறவையைப் பாடுவதாகத் தோன்றும் பாட்டுக்காகப் போலீசார் மேடையருகே காத்து நிற்கவேண்டிய நிலை ஏற்பட்டது. அவர் பலமுறை சிறை சென்றார். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் எழுதிய தேசியப் பாடல்கள் புராண நாடகங்களின் நடுவே ஏறியமர்ந்ததும் இக்காலத்திலேதான். புராண நாடகம் மக்களை மயக்கத்தில் ஆழ்த்தியது என்று ஒரே அடியாக எழுதிச் செல்லும் முற்போக்கு நண்பர்கள் இந்த அத்தியாயத்தைச் சற்று நின்று படிக்கவேண்டும்.

விசுவநாததாசின் வாழ்க்கையில் இன்னொரு தர்க்கமும் நடந்தது. அவர் நாவிதர் குலத்திற் பிறந்தவர். அதன் காரணமாக அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகையர் உண்டு. எண்ணிப் பாருங்கள்: கடவுள் குறப்பெண்ணின் பின்னால் அலைந்து கெஞ்சுவதை ஊரே கண்டு களிக்கிறது, அந்தக் கடவுளாக நடிப்பவனின் சாதி மட்டும் தீட்டாகிறது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் தொடர்போடு ரயில்பாதை திறக்கப்பட்டபின், தென்னிந்திய நடிகர்களுக்கு இலங்கை எட்டாத தூரமாக இருக்கவில்லை. தேயிலைக்கு ஆள் ஏற்றிவந்த அதே பாதையில் ஹார்மோனியங்களும் வந்தன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தகரக் கொட்டகைகள் எழுந்தன. ‘கொட்டகைக் கூத்து’ என்று இதற்குப் பெயரே ஏற்பட்டது. 1926-இல் கொழும்பு மேடையொன்றில் ‘வள்ளி திருமணம்’ நடந்தது. வேலன் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா, வள்ளி கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். இருவரும் இணைந்து நடித்த முதல் நாடகம் அது. கிட்டப்பாவுக்கு அப்போது வயது 20. சுந்தராம்பாளுக்கு 18 நிறைந்திருந்தால் அதிகம். ஒருவர் பிராமணர்; மற்றவர் வறுமையில் வாடி, ரயிலில் பாடிப் பிழைத்த சிறுமியாக இருந்து மேடைக்கு வந்தவர். உச்ச ஸ்தாயியில் ஒருவரை ஒருவர் வெல்ல முயன்ற அந்தக் குரல்களின் போட்டியில் தர்க்கக் காட்சி இசைப்போராகவே மாறியதென்பர். 1927-இல் அவர்கள் மணந்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். கதையில் வள்ளி நின்ற இடத்திலேயே வாழ்வில் சுந்தராம்பாளும் நிற்க நேர்ந்தது. கதையிலுள்ள இனிமை வாழ்வில் நீடிக்கவில்லை. 1933-இல் கிட்டப்பா 27 வயதில் மாண்டார். 25 வயதில் வெள்ளைப் புடைவை உடுத்த சுந்தராம்பாள், ஆடவரோடு இணைந்து காதலியாக நடிப்பதில்லை என்று உறுதிபூண்டார். திரைப்படத்தில் நந்தனாராக, ஆண் வேடத்தில் தோன்றினார். காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1951-இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். சட்டசபைக்குள் நுழைந்த அந்த வள்ளியைக் கொழும்பு மேடைதான் கிட்டப்பாவோடு சேர்த்தது என்பதை இலங்கை நாடக வரலாறு எழுதுவோர் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார்கள்.

சுந்தராம்பாளுக்குப் புகழ் கேடயமாயிற்று. புகழ் கிட்டாத நூற்றுக்கணக்கான ஸ்திரிபார்ட்டுகளுக்கு என்ன கிட்டியது? ‘கூத்தாடி’ என்ற வசவு கிட்டியது. 1990-களில் மதுரைப் பகுதியில் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி ஆராய்ந்த சூசன் சீசர் என்னும் அமெரிக்க மானிடவியலாளர், 2005-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எழுதியிருக்கிறார். இரவெல்லாம் மேடையில் ஆடவனோடு வாதாடும் பெண், பகலில் தன் தொழிலை மறைத்து, ஒதுங்கி, ‘குடும்பப் பெண்’ போலத் தோற்றமளிக்க எவ்வளவு பாடுபடுகிறாள் என்பதை அந்நூல் காட்டுகிறது. மேடையில் பொது இடத்தில் தனித்து நிற்கும் வள்ளி தெய்வம். அதே மேடையில் அவளாக நிற்பவளோ ஒழுக்கங் கெட்டவள். கைதட்டியவனும் ஏசியவனும் வேறு வேறு ஆட்களல்லர். வர்க்கமும் சாதியும் ஆண் ஆதிக்கமும் எப்படி ஒரே பாயில் படுத்துறங்குகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் என் மாணவர்களுக்குக் காட்டமுடியாது.

சினிமாவும் வள்ளியை விட்டுவைக்கவில்லை. 1933-இல் டி.பி. ராஜலட்சுமி நடித்த ‘வள்ளி திருமணம்’ வெளியாகி வெற்றிபெற்றது. 1945-இல் ஏ.வி. மெய்யப்பன் டி.ஆர். மகாலிங்கத்தையும் குமாரி ருக்மிணியையும் கொண்டு ‘ஸ்ரீ வள்ளி’யை எடுத்தார், 1961-இல் சிவாஜி கணேசனும் பத்மினியும் நடித்த வண்ணப்படம் வந்தது. இசையும் காட்சியும் வளம்பெற்றன; ஒன்று மட்டும் செத்துவிட்டது. படச்சுருளில் வள்ளி ஒரே பதிலைத்தான் எத்தனை முறையும் சொல்வாள். சிவகாசியில் சொன்னதையே கண்டியிலும் சொல்வாள். சபையிலிருந்து எழும் கேலியையும், அன்றைய அரிசி விலையையும், அவ்வூர் மிராசுதாரையும் தர்க்கத்துக்குள் இழுக்க அவளால் இயலாது. ஆயினும் மேடை நாடகம் மடிந்துவிடவில்லை. புதுக்கோட்டை, மதுரை வட்டாரங்களில் கோயில் திருவிழாக்களில் இரவு முழுவதும் ‘வள்ளி திருமணம்’ இன்றும் நடக்கிறது.

மலையகத் தோட்டங்களில் காதலைப் பேசும் நாடகமென்றால் முதலில் நினைவுக்கு வருவது காமன் கூத்து. மாசி மாதத்தில் கம்பம் நட்டு, ரதிக்கும் மன்மதனுக்கும் கலியாணம் முடித்து, சிவனின் தவத்தைக் கலைக்கச் செல்லும் மன்மதனை எரித்து, பின் எழுப்பும் கூத்து அது. அதன் உச்சமும் ஒரு தர்க்கமே. ‘போகாதே’ என்று ரதி தடுக்கிறாள்; ‘இட்ட கட்டளை’ என்று மன்மதன் மறுக்கிறான். மேலிடத்துக் கட்டளைக்காகச் சாகப்போகும் கணவனை மறிக்கும் மனைவியின் பேச்சைப் பிரட்டுக்களத்தையும் துரையின் உத்தரவையும் அறிந்த சனங்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. வள்ளி சிரிக்க வைக்கிறாள். ரதி அழ வைக்கிறாள். இரண்டிலும் பெண்தான் வாதி. ஒரு வேறுபாடு உண்டு: ரதியாக மரபில் ஆண்களே ஆடினர், வள்ளியாகப் பெண்கள் மேடையேறினர். காமன் கூத்துக்கு நேர்ந்த இழப்பு வேறு வகையானது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்குமென்று பங்கிட்டு, 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்த்துக்கொள்வோமென்று ஒதுக்கியது. ஆட்களை எண்ணியவர்கள் அவர்களோடு கப்பலேறிய பாட்டுகளை எண்ணவில்லை.

அதே 1960-களில் மடுல்கெல்லவிலிருந்து சில மணி நேரப் பயணத் தூரத்திலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு மரபுக் கூத்தை நகர மேடைக்குக் கொணர்ந்தார். ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964) ஆகியன ஈழத்தமிழரின் நாடக உணர்வையே மாற்றியமைத்தன. 1956-இல் சரச்சந்திரவின் ‘மனமே’ சிங்கள மேடையில் செய்ததைப் போன்ற பெரும்பணி அது. நன்றியோடு நினைக்கவேண்டிய அப்பணியில் எனக்கொரு சிறு குறை உண்டு. தொன்மையும் தூய்மையும் தேடிய படித்த கண்களுக்கு, ஹார்மோனியமும் சரிகைச் சட்டையும் பபூனின் கொச்சை வேடிக்கையும் கலந்த கொட்டகை நாடகம் கலப்படமாகத் தோன்றிற்று. கலப்படம்தான். ஆனால் மக்கள் வாழ்க்கையே கலப்படமாகத்தானே இருக்கிறது! யாழ்ப்பாணத்தில் வி.வி. வைரமுத்துவின் குரல் இந்த இசை நாடக மரபை 1980-கள் வரை காத்தது. ‘மயான காண்ட’த்தை அவர் எத்தனை இரவுகள் ஆடினார் என்பதை அங்குள்ள முதியோர் இன்றும் பேசுவர்.

வள்ளிக்கு இலங்கையில் இன்னொரு பிறந்தகமும் உண்டு. கதிர்காமத்து ஐதிகப்படி அவள் வேடர் வளர்த்த பெண். ஆடி விழாவின் இரவுகளில் கதிர்காமக் கந்தனின் ஊர்வலம் தேவயானையின் கோயிலுக்குச் செல்வதில்லை. வள்ளியின் கோயிலுக்கே செல்கிறது. சிங்களவரும் தமிழரும் வேடரும் தத்தம் மொழியில் உரிமை கொண்டாடும் அந்தப் பெண்ணைப் பாடநூலில் ‘முருகனின் இரண்டாவது தேவி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது அநியாயம்.

கடந்த தமிழ்த் தினத்துக்கு எங்கள் மாணவர்களைக் கொண்டு தர்க்கக் காட்சியை மட்டும் மேடையேற்றினேன். வசனம் எழுதித் தரவில்லை. “கதை தெரியும், சண்டை உங்களுடையது” என்று விட்டுவிட்டேன். பின் வரிசைக்காரியே வள்ளி. பழைய மேசையொன்று பரண். பெற்றோர் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, கூடை கட்டிய தோளோடு வந்து அமர்ந்திருந்தனர். வேலன் உடுக்கடித்ததுபோல் அடுக்கடுக்காகத் தன் பெருமைகளைச் சொன்னான்: ஆறுமுகம், பன்னிரு கை, வேல், மயில். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இவ்வளவு நேரம் உன்னோடு பேசினதில் கிளி தின்ற தினைக்கு என் அப்பா எனக்கு அரைப் பேர்தான் போடுவார். மிச்ச அரைப் பேரை நீ தருவாயா?” என்றாள். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. வேலன் என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பையன் சற்றுத் திகைத்து நின்றான்; பிறகு துண்டை எடுத்துத் தலையில் போட்டு, முதுகைக் கூனிக்கொண்டு, கிழவனாகி, விக்கலெடுத்துத் தண்ணீர் கேட்டான்.